இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு வாரம் அரை மணி நேரம்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கலை, இலக்கியம், வரலாறு, தத்துவம், மொழி ஆகிய துறைகளில் இளநிலைப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

இறுதியாண்டு ஆய்வேடு இனியும் தேவையா என்ற பேச்சு இப்போது பல துறைகளின் கூட்டங்களில் அடிபடுகிறது. சொல்லப்படும் காரணங்களை நானும் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். மாணவர்கள் பார்த்து எழுதுகிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு இயந்திரமே எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஒரு ஆசிரியர் தலையில் இருபது முப்பது பேரைக் கட்டினால் அவர் எதைத்தான் வாசிப்பார்? கடைசியில் பைண்டிங் செய்த தடித்த புத்தகம் ஒன்று அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. அதற்குப் பதிலாகக் கூடுதலாக ஒரு தாள் வைத்துத் தேர்வு எழுதச் சொன்னால் எல்லாருக்கும் நிம்மதி.

இந்தக் காரணங்கள் எல்லாமே உண்மைதான். ஆனால் அவற்றை வைத்து நீங்கள் எடுக்கப் போகும் முடிவு தவறு. ஆய்வேடு கெட்டுப்போனதற்குக் காரணம், அதற்கு நாம் நேரமே ஒதுக்காததுதான். நேரம் ஒதுக்கிப் பார்க்காமலேயே அதைத் தூக்கிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். வகுப்பில் வாய் திறக்காத பெண். மதிப்பெண்ணும் சுமார்தான். முதல் சந்திப்பில் ஒரு தலைப்பை எழுதிக்கொண்டு வந்தார்: 'நாட்டுப்புறப் பாடல்களில் பெண்களின் நிலை'. எந்தப் பாடல்கள், யார் பாடியவை என்று கேட்டேன். தெரியவில்லை. முன்னால் யாரோ எழுதிய ஆய்வேட்டின் தலைப்பைக் கொஞ்சம் மாற்றி வைத்திருந்தார். சரி, தலைப்பு இருக்கட்டும், உங்கள் காதால் நீங்களே கேட்ட பாட்டு ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று அனுப்பினேன்.

அடுத்த வாரம் கைபேசியில் ஒரு பதிவோடு வந்தார். அவருடைய பாட்டி பாடிய தாலாட்டு, மூன்று நிமிடம் இருக்கும். குழந்தைக்கு யார் யார் என்னென்ன கொண்டுவந்தார்கள் என்று உறவுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் பாட்டு. இருவரும் உட்கார்ந்து வரிவரியாக எழுதினோம். அதற்கடுத்த வாரம் அதே பாட்டின் இன்னொரு பதிவைக் கொண்டுவந்தார். முதல் பதிவில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடி பாடச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அந்தப் பெண்தான் கண்டுபிடித்தார்: உறவுகளின் வரிசையில் ஒருவர் குறைகிறார். முதல் பதிவில் இருந்த சின்ன தாத்தா இரண்டாவதில் இல்லை.

பாட்டி மறந்திருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். மாணவி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கு அம்மாவும் கூட இருந்தாங்க" என்றார். அந்தச் சின்ன தாத்தாவோடு அம்மாவுக்குப் பேச்சுவார்த்தை கிடையாதாம், சொத்துத் தகராறு. அவர் பெயரை அம்மா காதுபடப் பாட்டி பாடவில்லை.

அந்த நிமிடத்தில் அவருக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது: கேட்பவர் மாறினால் பாட்டும் மாறுமா? அதற்கப்புறம் தலைப்பைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. ஐந்து பெண்களிடம் பதினான்கு பதிவுகள் எடுத்தார். அவருடைய நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டுப் பிரித்த நான்கு பத்திகள் இருக்கும். பாடியவர், பாட்டு, விடுபட்டதும் சேர்ந்ததும், கடைசியாக 'அறையில் இருந்தவர்கள்'. அந்தக் கடைசிப் பத்தியை எந்த ஆய்வு முறையியல் புத்தகமும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. வாய்மொழி இலக்கியத்தில் நிகழ்த்தும் சூழலையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், அதையெல்லாம் பிறகு தேடிப் போய் வாசித்தார். தனக்குத் தேவைப்பட்டதால் வாசித்தார். மூன்று வருடமாகத் தேர்வுக்காக மட்டுமே வாசித்துப் பழகிய ஒருவரிடம் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கலைப் படிப்பில் சேரும் மாணவர் பட்டம் வாங்கும் நாள்வரை எத்தனை கேள்விகளுக்குப் பதில் எழுதியிருப்பார்? நூற்றுக்கணக்கில் இருக்கும். அத்தனையும் வேறு யாரோ கேட்ட கேள்விகள். ஆய்வேடு ஒன்றில்தான் கேள்வியும் அவருடையது. அதையும் எடுத்துவிட்டால், சொந்தமாக ஒரு கேள்வியைக்கூடக் கேட்டுப் பார்க்காமலே ஒருவர் இலக்கியப் பட்டதாரி ஆகலாம், வரலாற்றுப் பட்டதாரி ஆகலாம். அப்படிப்பட்ட பட்டத்தில் கையெழுத்துப் போட உங்களுக்கு மனம் வருமா?

என் கதையையும் சொல்லியாக வேண்டும். இளநிலையில் நானும் ஒரு ஆய்வேடு எழுதினேன். எனக்கு வாய்த்த வழிகாட்டியை நான் இரண்டே முறை பார்த்தேன். தலைப்புக்குக் கையெழுத்து வாங்க ஒரு முறை, சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்து வாங்க இன்னொரு முறை. நடுவில் ஐந்து மாதம். மூன்றாம் இயலில் ஒரு முழுப் பத்தியை வேறொரு நூலிலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருந்தேன். அந்தப் பத்தியின் முடிவில் இருந்த அடிக்குறிப்பு எண் 17ஐயும் சேர்த்தே எழுதிவிட்டேன். என் இயலில் மொத்தம் நான்கு அடிக்குறிப்புகள்தான். அந்த 17ஐ வழிகாட்டி பார்க்கவில்லை, புறத்தேர்வாளர் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நல்ல மதிப்பெண் வந்தது. பல வருடம் கழித்து எடுத்துப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. திருடியது என் தப்பு, அதை யார்மேலும் போட மாட்டேன். ஆனால் அந்தப் பக்கத்தை ஒரே ஒருவர், ஒரே ஒரு முறை, என்னை எதிரில் உட்காரவைத்து வாசித்திருந்தால் நான் அப்போதே கற்றிருப்பேன். அவர்மேலும் எனக்குக் கோபமில்லை. அந்த வருடம் அவரிடம் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆராய்ச்சியும் கற்பித்தலும் ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்பது புதிதாக யாரும் கண்டுபிடித்ததல்ல. 1810இல் பெர்லின் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்ட சமயத்தில் ஜெர்மன் அறிஞர் வில்ஹெல்ம் வான் ஹம்போல்ட் எழுதிய குறிப்பில் இந்த எண்ணம் தெளிவாக இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் மாணவருக்காக இருப்பவர் அல்லர், இருவருமே அறிவுக்காக அங்கே இருக்கிறார்கள் என்றார் அவர். இளநிலை மாணவர்வரை அதை இறக்கிக் கொண்டுவந்த இடங்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள வூஸ்டர் கல்லூரியில் 1940களின் பிற்பகுதியில், ஹோவர்ட் லவ்ரி தலைவராக இருந்தபோது, ஒவ்வொரு இறுதியாண்டு மாணவரும் ஓர் ஆசிரியரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து சொந்த ஆய்வு செய்ய வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். இன்றும் நடக்கிறது. ஆய்வேட்டை ஒப்படைக்கும் திங்கட்கிழமையில் பேக்பைப் வாசித்து ஊர்வலம் போகிறார்கள். ஓரிகனில் உள்ள ரீட் கல்லூரியில் எந்தப் பாடம் படித்தாலும் ஆய்வேடும், அதன்மேல் வாய்மொழித் தேர்வும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் பார்ட் கல்லூரியிலும் அப்படித்தான். ஓவியம் படிப்பவர், கவிதை எழுதுபவர், தத்துவம் படிப்பவர் எல்லாரும் ஏதாவது ஒன்றைச் செய்து முடித்துத்தான் வெளியே வர வேண்டும்.

இந்தக் கல்லூரிகளில் கட்டணம் அதிகம், மாணவர் எண்ணிக்கை குறைவு, அவற்றோடு நம்மை ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஊர்வலத்தையும் பேக்பைப்பையும் நான் கேட்கவில்லை. அங்கே 'எல்லாருக்கும்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

ஏனென்றால் போக்கு இப்போது வேறு பக்கம் போகிறது. நன்றாகப் படிப்பவருக்கு மட்டும் ஆய்வு, மற்றவர்களுக்கு இன்னும் கொஞ்சம் பாடம் என்று பிரிக்கிறார்கள். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட நான்காண்டு இளநிலைக் கட்டமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீதமும் அதற்கு மேலும் வாங்கியவர்கள்தான் நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவுக்குப் போகலாம். ஆய்வேட்டுக்கு 12 கிரெடிட். ஆய்வுக்குப் போகாதவர்கள் அதே 12 கிரெடிட்டுக்கு மூன்று பாடங்களைப் படிக்க வேண்டும். ஆய்வேட்டுக்கு 12 கிரெடிட் கொடுத்ததை மனதார வரவேற்கிறேன், அது சின்ன எடை இல்லை. ஆனால் அந்த 75?

தாலாட்டுப் பதிவுகளோடு வந்த பெண்ணுக்கு 75 இல்லை. அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. அவருக்குத் தேர்வு எழுத வராது. மூன்று மணி நேரத்தில் ஐந்து கட்டுரை எழுதும் திறமையும், ஒரு சின்ன விஷயத்தை எட்டு மாதம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் திறமையும் வேறு வேறு. முதலாவதை வைத்து இரண்டாவதை அளப்பது, ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவர்தான் தோட்டம் போடலாம் என்று சொல்வதைப் போல. நான் பார்த்தவரை, வகுப்பில் முதலிடம் வாங்கும் மாணவர்கள் பலர் ஆய்வேட்டில்தான் தடுமாறுகிறார்கள். சரியான விடை எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இன்னும் யாருக்கும் தெரியாது என்று சொன்னால் பயந்துபோவார்கள். அந்தப் பயமும் ஒருமுறை பட வேண்டியதுதான். ஆக, இரண்டு பக்கத்து மாணவர்களுக்கும் இது தேவைப்படுகிறது.

இனி நேரக் கணக்குக்கு வருகிறேன். நான் கேட்கும் முக்கியமான விஷயமே இதுதான்.

ஒரு மாணவருக்கு வாரம் அரை மணி நேரம். எட்டு மாணவர்கள் என்றால் நான்கு மணி நேரம். பல இடங்களில் ஒரு முழுப் பாடம் நடத்த ஆசிரியருக்கு ஒதுக்கும் நேரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படியென்றால் எட்டு ஆய்வேடுகளுக்கு வழிகாட்டுவது ஒரு பாடம் நடத்துவதற்குச் சமம் என்று பணிக்கணக்கில் எழுதுங்கள். கால அட்டவணையில் கட்டம் போடுங்கள், அறை எண்ணையும் போடுங்கள். இப்போது இந்த வேலை எந்தக் கட்டத்திலும் இல்லை. பாடம், தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தம், கூட்டம் எல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தில், மாடிப்படியிலும் வராண்டாவிலும் நின்றபடியே நடக்கிறது. "சார், ரெண்டாவது சாப்டர் பாத்தீங்களா?" "பாத்தேம்மா, நல்லா இருக்கு, கன்டின்யூ பண்ணு." இந்த உரையாடலை உங்களில் பலரும் நடத்தியிருப்பீர்கள். நானும் நடத்தியிருக்கிறேன். இரண்டாவது இயலை நான் அப்போது திறந்தே பார்த்திருக்கவில்லை.

இருபத்தைந்து பேர் ஒரு ஆசிரியருக்கு என்றால் இது நடக்காது, உண்மைதான். அப்போது இரண்டு வழி இருக்கிறது. நெருங்கிய பொருளில் வேலை செய்யும் நான்கைந்து பேரைச் சேர்த்து ஒரு மணி நேரம் உட்காரவைக்கலாம். ஒருவர் வரைவை மற்றவர்கள் முன்கூட்டியே வாசித்துவிட்டு வரவேண்டும். நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். ஆசிரியர் சொன்னால் தலையாட்டும் மாணவர், பக்கத்தில் இருப்பவர் "எனக்கு இந்தப் பக்கம் புரியல" என்று சொல்லும்போது உண்மையாகவே யோசிக்கிறார். இல்லையென்றால் ஆய்வேட்டின் அளவைக் குறையுங்கள். இருபது பக்கம் போதும். யாரும் வாசிக்காத எண்பது பக்கத்துக்கு, நான்கு முறை திருத்தி எழுதிய இருபது பக்கம் எவ்வளவோ மேல்.

வழிகாட்டி என்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. 1920களின் கடைசியில் கேம்பிரிட்ஜின் மாக்டலின் கல்லூரியில் வில்லியம் எம்ப்சன் என்ற மாணவர் கணிதத்திலிருந்து ஆங்கில இலக்கியத்துக்கு மாறி வந்தார். அவருக்கு வழிகாட்டியவர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ். ஒரு வாரச் சந்திப்பில் எம்ப்சன் ஒரு பாட்டை எடுத்து, ஒரே வரிக்குள் இத்தனை பொருள் ஒளிந்திருக்கிறதே, எந்தக் கவிதையிலும் இப்படிச் செய்ய முடியும் போலிருக்கிறதே என்றாராம். அப்படியானால் போய்ச் செய்து பார் என்று ரிச்சர்ட்ஸ் அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் வந்த எம்ப்சன், இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன், தொடர்ந்து எழுதட்டுமா என்று கேட்டார். அதற்கடுத்த வாரம் கக்கத்தில் ஏறக்குறைய முப்பதாயிரம் சொற்களோடு வந்து நின்றார். கவிதையில் பொருள் மயக்கம் பற்றி அவர் எழுதிய நூல் 1930இல் வெளியானபோது அவருக்கு வயது 24. இலக்கியத் திறனாய்வு படிக்கிறவர்கள் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது.

எல்லாரும் எம்ப்சன் ஆகப் போவதில்லை. நான் பார்ப்பது ரிச்சர்ட்ஸைத்தான். அவர் செய்தது மிகக் கொஞ்சம். வாராவாரம் அங்கே இருந்தார். மாணவர் வாயிலிருந்து தற்செயலாக வந்த வாக்கியத்தைக் காதில் வாங்கினார். போய்ச் செய் என்றார். அவர் மாதம் ஒரு முறை வராண்டாவில் நின்று பார்ப்பவராக இருந்திருந்தால் அந்த வாக்கியம் காற்றோடு போயிருக்கும்.

அடுத்தது, வார்ப்புரு. இதைப் பற்றி எழுதும்போது என் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல துறைகளில் ஆய்வேட்டுக்கென்று ஒரு படிவம் வைத்திருக்கிறீர்கள். அறிமுகம், ஆய்வுச் சிக்கல், கருதுகோள், ஆய்வு முறை, தரவுப் பகுப்பாய்வு, முடிவுகள், பரிந்துரைகள். இது பரிசோதனை செய்யும் அறிவியல்களுக்கும் கணக்கெடுப்பு நடத்தும் சமூக அறிவியல்களுக்கும் பொருந்தும் சட்டை. அதை ஒரு சிறுகதையை வாசிக்கும் மாணவருக்கும் மாட்டிவிடுகிறோம். என்ன ஆகிறது? 'தரவுப் பகுப்பாய்வு' என்று ஒரு இயல் இருப்பதால் மாணவர் தரவைத் தேடிப் போகிறார். நூறு பேரிடம் வினாநிரல் கொடுக்கிறார். 'நீங்கள் சிறுகதை வாசிப்பீர்களா? ஆம், இல்லை, எப்போதாவது.' வண்ண வண்ணமாக ஒரு வட்ட வரைபடம் வந்துவிடுகிறது. கதையைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒரு மாணவர் தனிநபர் நாடகம் ஒன்றைத் தானே எழுதி, தானே நடித்து, அதையே இறுதியாண்டுப் பணியாகக் கொடுக்க விரும்பினார். படிவத்தில் 'கருதுகோள்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அலுவலகம் வாங்க மறுத்துவிட்டது. அவர் இரவெல்லாம் உட்கார்ந்து ஒரு கருதுகோளைக் கற்பனை செய்தார்: 'தனிநபர் நாடகம் பார்வையாளரிடம் தாக்கத்தை ஏற்படுத்தும்.' பிறகு அதை நிரூபிக்க, நாடகம் முடிந்து கண் கலங்கி எழுந்தவர்களை வாசலில் நிறுத்தி, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடச் சொல்லி ஒரு தாளை நீட்டினார். அந்தக் காட்சியை நான் பார்த்தேன். ஒரு முதியவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாமல், அந்த மாணவரின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். படிவத்தில் அதைப் பதிவு செய்ய இடமில்லை.

தயவுசெய்து அந்தப் படிவத்தை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக மூன்று விஷயம் கேட்டால் போதும். உன் கேள்வி என்ன? எந்தப் பிரதியை, எந்த ஆவணத்தை, எந்தப் படைப்பை நெருங்கிப் பார்த்தாய்? அதில் உனக்கு முன்னால் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள், நீ எங்கே அவர்களிடமிருந்து விலகுகிறாய்? ஒரு கவிதையைப் படிப்பவரும், பழைய நீதிமன்றப் பதிவேட்டைப் படிப்பவரும், ஒரு சிற்பத்தைச் சுற்றிச் சுற்றி வருபவரும் இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடியும்.

படைப்பையே இறுதிப் பணியாகச் செய்யும் மாணவர்களிடம் எழுத்தும் கேளுங்கள், ஆனால் அந்தப் படைப்புக்குத் தேவையான எழுத்தைக் கேளுங்கள். மாயா லின் யேல் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, நினைவிடக் கட்டடக்கலை பற்றிய ஒரு வகுப்புக்காகத்தான் வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சின்னத்தை வடிவமைத்தார். அதைப் பொதுப் போட்டிக்கும் அனுப்பினார். பெயர் மறைத்துப் பரிசீலிக்கப்பட்ட 1,421 வடிவமைப்புகளிலிருந்து 1981 மே மாதம் அது தேர்வானபோது அவருக்கு வயது 21. பல்லாயிரம் பெயர்கள் பொறித்த கறுப்புக் கிரானைட் சுவர் 1982 நவம்பரில் திறக்கப்பட்டது. அதை வடிவமைக்க எடுத்ததைவிட, கூடவே அனுப்ப வேண்டியிருந்த விளக்கக் குறிப்பை எழுதத்தான் தனக்கு அதிக நேரம் ஆனது என்று அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். வரைபடத்தில் வெறும் கறுப்புக் கோடாகத் தெரியும் ஒன்று, அதன் பக்கத்தில் நடந்துபோகிறவருக்கு என்னவாக இருக்கும் என்று சொல்ல வேண்டியிருந்தது. படைப்போடு சேரும் எழுத்து அப்படி இருக்க வேண்டும். கருதுகோள் எதற்கு?

இயந்திரம் பற்றிக் கேட்பீர்கள். அதைத் தவிர்த்துவிட்டு இந்த மடலை முடிக்க முடியாது.

ஆம், 'இன்ன நாவலில் பெண் பாத்திரங்கள்' என்று தலைப்புக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் ஐந்து இயல் வந்துவிடும். பார்க்க ஒழுங்காகவும் இருக்கும். ஆனால் அந்தத் தலைப்பில் இயந்திரம் வருவதற்கு முன்பும் பெரும்பாலும் சொந்தச் சிந்தனை இருக்கவில்லை. அப்போது நகலெடுக்கும் கடையில் பழைய ஆய்வேடு கிடைத்தது, இப்போது திரையில் கிடைக்கிறது. முடிந்த பொருளை மட்டும் வாங்கி மதிப்பெண் போடும் முறைதான் நம்மை மாட்டிவிட்டிருக்கிறது. வேலை நடக்கும்போதே பார்த்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி போய்விடும். நோட்டுப் புத்தகத்துக்கு மதிப்பெண் கொடுங்கள். முதல் வரைவு, இரண்டாவது வரைவு, அடித்த பக்கங்கள் எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொல்லுங்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் "உங்கள் ஆய்வின் நோக்கம் என்ன?" என்று கேட்பதை விட்டுவிட்டு, நோட்டில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, "இந்தப் பத்தியை ஏன் அடித்தீர்கள்?" என்று கேளுங்கள். தானே அடித்தவர் சொல்லிவிடுவார். சிலர் இருபது நிமிடம்கூடச் சொல்வார்கள், நிறுத்த மாட்டார்கள்.

அப்புறம், வலையில் இல்லாத பொருளை நோக்கி மாணவர்களை அனுப்புங்கள். ஒரு குடும்பத்தின் கடிதக் கட்டு, மூடிப்போன அச்சகம் ஒன்றின் கணக்குப் புத்தகம், ஒரு பழைய பத்திரிகையின் வாசகர் கடிதப் பக்கம், ஒரே பாட்டின் பதினான்கு பதிவுகள். அங்கே போய் உட்கார ஆள்தான் வேண்டும்.

எழுதி முடித்த ஆய்வேடுகள் என்ன ஆகின்றன என்பதையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் இளநிலை மாணவர்களின் ஆய்வேடுகளை 1920களிலிருந்தே மட் நூலகத்தில் வைத்திருக்கிறது. ரீட் கல்லூரி நூலகத்தில் ஆய்வேடுகளுக்கென்றே ஒரு கோபுரம் இருக்கிறது. அடுத்த வருட மாணவர் அங்கே ஏறிப் போய், தன்னைப் போன்ற ஒருவர் எப்படித் தொடங்கினார், எங்கே சிக்கினார் என்று எடுத்துப் பார்க்கலாம். நம்மில் பலர் ஆய்வேடுகளைத் துறை அறையின் பூட்டிய அலமாரியில் வைக்கிறோம், இடம் போதாதபோது எடைக்குப் போடுகிறோம். நான் பார்த்த அப்படி ஒரு குவியலிலிருந்து கைக்கு வந்த நான்கைந்தை எடுத்துவந்தேன். ஒன்றின் நன்றியுரையில், 'மாலையில் விளக்கை அணைக்காமல் இன்னும் கால் மணி நேரம் காத்திருந்த நூலக உதவியாளருக்கு' என்று எழுதியிருந்தது. அந்த ஆய்வேட்டை முழுக்க வாசித்தேன், நன்றாகவே இருந்தது. அதை எழுதியவருக்கு அடுத்து வந்த எந்த மாணவரும் அதைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. மாணவர் சம்மதத்தோடு நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்க எவ்வளவு செலவாகிவிடும்?

தொடங்கும் காலம் பற்றியும் ஒரு சொல். கடைசி செமஸ்டரில் தொடங்கி அதே செமஸ்டரில் முடிப்பது என்பது வேண்டாம். அந்த மாதங்களில்தான் மேற்படிப்பு விண்ணப்பமும் வேலைத் தேடலும் வருகின்றன. முந்தைய ஆண்டு விடுமுறைக்கு முன்பே கேள்வியைத் தேடச் சொல்லுங்கள். தப்பான கேள்வியோடு இரண்டு மாதம் அலைந்துவிட்டுத் திரும்பி வர நேரம் இருக்கட்டும். தேடிப் போனது கிடைக்கவில்லை என்று நேர்மையாக எழுதினால், அதற்கும் முழு மதிப்பெண் போட முடியும் என்று விதியிலேயே எழுதிவையுங்கள். மாணவர்கள் இதை வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்ப மாட்டார்கள், அச்சில் இருந்தால் நம்புவார்கள்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் ஆய்வேட்டை நீக்கும் தீர்மானம் வந்தால், ஓட்டுப் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சென்ற ஆண்டு ஆய்வேடு எழுதிய மாணவர்கள் மூன்று பேரை, மதிப்பெண் பார்க்காமல், அழைத்து உட்காரவையுங்கள். வழிகாட்டியை எத்தனை முறை பார்த்தீர்கள், எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் எண்ணைத் தீர்மானத்தின் கீழே குறித்துக்கொண்டு அப்புறம் பேசுங்கள்.

தாலாட்டு மாணவியின் நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அவரே கொடுத்துவிட்டுப் போனார். ஆய்வேடு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டு வரும் புதிய மாணவர்களிடம் முதலில் அதைத்தான் திறந்து காட்டுகிறேன். உங்கள் குழுவும் பார்க்க விரும்பினால் எடுத்துக்கொண்டு வருகிறேன், அவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்.

இப்படிக்கு,
இறுதியாண்டு மாணவர்களின் வரைவுகளை வாசிக்கும் ஓர் ஆசிரியர்